99 டாலர் பிளேயரும் ஐந்து ஓசி டிஸ்க்கும்: தள்ளுபடியில் டிஸ்க் வாங்குவது எப்படி

என் அலமாரியின் அடித்தட்டில் டோஷிபா ஹெச்டி-ஏ2 என்று ஒரு பிளேயர் கிடக்கிறது, ப்ளூ-ரேயோடு போட்டி போட்டுத் தோற்ற ஹெச்டி டிவிடி என்ற டிஸ்க் வகைக்கானது. நியூ ஜெர்சியில் வேலை பார்த்த காலத்தில், 2007 நவம்பர் 2, வெள்ளிக்கிழமை காலையில், கடை திறப்பதற்கு முன்பே போய் வரிசையில் நின்று வாங்கியது. வால்மார்ட்டில் அன்றைக்கு அதன் விலை 98 டாலர் 87 சென்ட், பெஸ்ட் பை (Best Buy) கடையும் விடாமல் 99 டாலர் 99 சென்ட்டுக்கு இறங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில் டோஷிபாவின் முதல் ஹெச்டி டிவிடி பிளேயர் 499 டாலருக்கு வந்திருந்தது, ஆக ஒன்றரை ஆண்டில் ஐந்தில் ஒரு பங்கு விலை என்று ஆபீஸில் எல்லோரிடமும் பெருமை பேசினேன். 2008 பிப்ரவரி 19 அன்று டோஷிபா ஹெச்டி டிவிடியையே கைவிடுவதாக அறிவித்தது. எண்ணிப் பார்த்தால் 109 நாள்.

இப்போதும் டிவிடி, ப்ளூ-ரே, 4கே ப்ளூ-ரே மூன்றும் ஒரே பக்கத்தில் விற்பனைக்கு இருக்கின்றன, "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" வகையறாவும் ஓயவில்லை. அந்த 109 நாளில் நான் காசு கொடுத்துக் கற்றதை வைத்து, இன்றைக்கு டிஸ்க் வாங்குகிறவர் எதை எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் டிஸ்க்குக்குக் கணக்குப் போடுங்கள்

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, டிஸ்க் பிளேயர் விஷயம் அச்சு அசல் அதுதான். பிளேயருக்கு ஒரு தடவை கொடுக்கிறீர்கள், டிஸ்க்குக்கு மாதா மாதம் கொடுக்கிறீர்கள். அப்போது ஒரு ஹெச்டி டிவிடி 20 முதல் 30 டாலர் வரை விற்றது, இன்னொரு பக்கத்தில் சாதாரண டிவிடியும் சேர்ந்திருக்கும் காம்போ டிஸ்க் என்றால் இன்னும் கூட. நான் பொங்கலுக்குள் 14 டிஸ்க் சேர்த்துவிட்டேன். பிளேயருக்குக் கொடுத்ததைப்போல மூன்று மடங்கு டிஸ்க்குக்குப் போயிருந்தது, ஆனால் வாங்கின அன்று என் கண்ணுக்கு அந்த 99 மட்டும்தான் தெரிந்தது.

அதனால் பிளேயரின் விலையைப் பார்த்து எந்த ஃபார்மட் என்று முடிவு செய்யாதீர்கள். ஒரு காகிதத்தில் அடுத்த ஓராண்டில் நீங்கள் நிச்சயமாக வாங்கப்போகும் 15 படங்களின் பெயரை எழுதுங்கள். ஒவ்வொன்றும் எந்த ஃபார்மட்டில் கிடைக்கிறது, வழக்கமான விலை என்ன என்று எதிரே குறியுங்கள், கூட்டி, அதோடு பிளேயர் விலையைச் சேருங்கள். பத்து நிமிஷ வேலை. நான் அன்றைக்கு இதைச் செய்திருந்தால் அந்தப் பதினைந்தில் பாதிப் படங்கள் ஹெச்டி டிவிடியில் வரவே வராது என்பது தெரிந்திருக்கும், ஏனென்றால் சோனி, டிஸ்னி, ஃபாக்ஸ் மூன்று படக் கம்பெனிகளும் எதிர்ப்பக்கமான ப்ளூ-ரேயில் இருந்தன.

விலை எதற்காக இறங்குகிறது?

ஒரு பொருளின் விலை சட்டென்று விழுந்தால் அதற்குப் பின்னால் பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும்: பழைய மாடலைக் கழிக்கிறார்கள், பண்டிகைக்குக் கூட்டம் இழுக்கிறார்கள், அல்லது அந்த ஃபார்மட்டே மூச்சுத் திணறுகிறது. ஹெச்டி-ஏ2 விஷயத்தில் மூன்றும் சேர்ந்திருந்தன. அடுத்த மாடலான ஏ3 கடைக்கு வந்துவிட்டது, ஏ2 1080i வரைதான் கொடுக்கும், அதைவிட உசத்தியான 1080p படம் கிடையாது. நவம்பர் என்பதால் பண்டிகைக் கூட்டம் வேறு. மூன்றாவது காரணம் மட்டும் அட்டைப்பெட்டியில் எழுதியிருக்காது, நாம்தான் துருவிப் பார்க்க வேண்டும்.

துருவுவது எப்படி என்றால், தள்ளுபடியை யார் தருகிறார்கள் என்று பாருங்கள். ஹெச்டி டிவிடி பக்கம் பிளேயர் செய்தது ஏறக்குறைய டோஷிபா ஒன்றுதான். ப்ளூ-ரே பக்கம் சோனி, பானசோனிக், சாம்சங், பயனியர் என்று ஒரு படையே இருந்தது. ஒருவர் பையிலிருந்தே எல்லாத் தள்ளுபடியும் வருகிறது என்றால் அந்தப் பை காலியாகும் நாள் ஒன்று உண்டு.

அடுத்து, படக் கம்பெனிகள் எந்தப் பக்கம் என்று பாருங்கள். 2007 ஆகஸ்டில் பாரமவுண்டும் ட்ரீம்வொர்க்ஸ் அனிமேஷனும் ப்ளூ-ரேயை விட்டு ஹெச்டி டிவிடிக்கு மட்டும் என்று தாவின. அதற்கு 15 கோடி டாலர் பெறுமானச் சலுகை கிடைத்ததாக நியூயார்க் டைம்ஸ் எழுதியது. நான் அதைப் படித்து "ஆகா, நம்ம கட்சி வளருகிறது" என்று நினைத்தேன். வேறு மாதிரி படித்திருக்க வேண்டும்: காசு கொடுத்து ஆள் சேர்க்க வேண்டிய நிலையில் இருக்கிறார்கள் என்று. அதே ஆண்டு ஜூனில் பிளாக்பஸ்டர் என்ற டிஸ்க் வாடகைக் கம்பெனி, 250 கடைகளில் இரண்டையும் வாடகைக்கு விட்டுப் பார்த்துவிட்டு, மற்றக் கடைகளுக்கு ப்ளூ-ரே மட்டும் போதும் என்று முடிவெடுத்திருந்தது. வாடகைக் கடைக்காரருக்கு எந்தக் கட்சியும் கிடையாது, ஓடுகிறதை அடுக்குவார், ஓடாததை எடுத்துவிடுவார். அவர் அலமாரியை நம்பலாம்.

கடைசியாக ஒன்று, இதுதான் எனக்கு மிகவும் உறைத்தது. இரண்டு பக்கமும் கால் வைத்திருந்த வார்னர் படக் கம்பெனி, 2008 ஜனவரி 4 அன்று இனி ப்ளூ-ரே மட்டும் என்று அறிவித்தது. அடுத்த பத்து நாளுக்குள் டோஷிபா ஏ3 பிளேயரை 150 டாலருக்கு இறக்கியது. ஒரு கெட்ட செய்திக்கு மறுவாரமே விலை இறங்கினால் அதைப் பண்டிகைத் தள்ளுபடி என்று நினைக்காதீர்கள். ஆபீஸ் நண்பர் ஒருவர் அந்த வாரத்தில்தான் "இப்போதான் செம மலிவு" என்று வாங்கினார், பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ் (அப்போது தபாலில் டிஸ்க் வாடகைக்கு விட்டது), பெஸ்ட் பை, வால்மார்ட் என்று ஒவ்வொருவராக ப்ளூ-ரே பக்கம் போய்விட்டார்கள்.

எந்த டெக்னாலஜி உசத்தி என்ற சண்டையில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். இரண்டும் 405 நானோமீட்டர் நீல ஊதா லேசர்தான். ஹெச்டி டிவிடியில் ஓர் அடுக்குக்கு 15 ஜிபி, ப்ளூ-ரேயில் 25 ஜிபி. டிவியில் பார்க்கும்போது எனக்கு வித்தியாசம் தெரிந்ததே இல்லை. இன்னும் சொன்னால், தொடக்கத்தில் முழுமையாக இருந்தது தோற்ற ஃபார்மட்தான்: நெட் இணைப்பு எல்லா ஹெச்டி டிவிடி பிளேயரிலும் கட்டாயம், 2006 ஜூனில் 999 டாலருக்கு வந்த சாம்சங்கின் முதல் ப்ளூ-ரே பிளேயரில் பின்னாளில் வந்த வசதிகள் பல வேலையே செய்யாது.

ஓசி டிஸ்க் ஓசி இல்லை

அந்தப் பெட்டியின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது: ஐந்து ஹெச்டி டிவிடி இலவசம், தபாலில். ப்ளூ-ரே பிளேயர்களுக்கும் இதே ஐந்து டிஸ்க் கணக்கு நடந்தது. அமெரிக்காவில் இந்த மெயில்-இன் சமாச்சாரம் இன்னும் சில பொருள்களுக்கு உண்டு, அங்கே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

படிவத்தை நிரப்ப வேண்டும், கொடுத்திருக்கும் பட்டியலிலிருந்து படங்களைக் குறிக்க வேண்டும், பில்லை வைக்க வேண்டும், அட்டைப்பெட்டியில் இருக்கும் பார்கோடை வெட்டி வைக்க வேண்டும், குறித்த தேதிக்குள் தபால் முத்திரை விழ வேண்டும். வெட்டுவதற்கு முன் பெட்டியின் நாலு பக்கத்தையும் போட்டோ எடுங்கள். பல பெட்டிகளில் இரண்டு மூன்று பார்கோடு இருக்கும், ஒன்று சீரியல் நம்பருக்கு, ஒன்று பொருளுக்கு. அவர்கள் கேட்பது பொருளுக்கானது, 12 இலக்கம் இருக்கும். நான் அவசரத்தில் சீரியல் நம்பர் இருந்த துண்டை பிளேடால் அழகாக நறுக்கி அனுப்பிவிட்டேன். ஏழு வாரம் கழித்து "உங்கள் விண்ணப்பம் முழுமையாக இல்லை" என்று ஒரு போஸ்ட் கார்டு வந்தது. போனில் அரை மணி நேரம் பாட்டுக் கேட்க வைத்து, சரியான துண்டைத் திரும்ப அனுப்பச் சொன்னார்கள், அதற்குள் தேதி முடிந்துவிட்டதே என்றால் "மேலிடத்தில் கேட்கிறோம்" என்றார்கள். பில் நகலும் போட்டோவும் இருந்ததால்தான் கடைசியில் டிஸ்க் வந்தது.

ஆனால் உண்மையான கொக்கி வேறு. பார்கோடை வெட்டிய பெட்டியைப் பெரும்பாலான கடைகள் திரும்ப வாங்காது. ஐந்து டிஸ்க்குக்கு ஆசைப்பட்டு பிளேடை வைத்த அந்த நிமிஷமே, பிளேயர் உங்கள் தலையில் கட்டப்பட்டுவிட்டது என்று அர்த்தம். ஆகவே கடையின் ரிட்டர்ன் தேதியையும், இலவச டிஸ்க்குக்குத் தபால் அனுப்ப வேண்டிய கடைசித் தேதியையும் காலண்டரில் குறித்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் ரிட்டர்ன் தேதி நெருங்கும்வரை பெட்டியைத் தொடாமல் வைத்திருங்கள். அந்த மூன்று நாலு வாரத்தில் பிளேயரை நன்றாக ஓட்டிப் பார்த்துவிடலாம், செய்திகளையும் பார்த்துவிடலாம்.

அப்புறம், இலவச டிஸ்க்கின் மதிப்பை அதன் அட்டை விலையில் போடாதீர்கள். பட்டியலில் நான் பார்க்க நினைத்தவை இரண்டு, மீதி மூன்று எண்ணிக்கைக்காகக் குறித்தவை, இன்றுவரை ஒன்றுக்குப் பிளாஸ்டிக் உறையே பிரிக்கவில்லை. எனக்கு அது ஐந்து டிஸ்க் ஆஃபர் இல்லை, இரண்டு டிஸ்க் ஆஃபர். "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" வரும்போதும் இதே அளவுகோல்தான்: இரண்டாவது படத்தைத் தனியாக வைத்திருந்தால் காசு கொடுத்து வாங்கியிருப்பீர்களா? மாட்டேன் என்றால் அது பாதி விலை இல்லை, முழு விலைக்கு ஒன்று வாங்கி ஒரு சுமையை வீட்டுக்குத் தூக்கி வருகிறீர்கள். அதோடு, ஆஃபர் வாரத்தில் முதல் டிஸ்க்கின் விலை அதற்கு முந்தைய வாரம் என்ன இருந்தது என்று பார்ப்பதும் நல்லது. 19க்கு விற்றது ஆஃபர் அன்று 28 ஆகியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

தோற்றாலும் எதற்காவது உதவுமா?

இந்தக் கேள்வியைப் பிளேயர் வாங்கும்முன் கட்டாயம் கேளுங்கள். 2006 நவம்பரில் பிளேஸ்டேஷன் 3 அமெரிக்காவில் 499, 599 டாலர் என்று வந்தபோது "இவ்வளவு விலையா" என்று சிரித்தோம். ஆனால் அது கேம் மெஷின், ப்ளூ-ரே தோற்றிருந்தாலும் கேம் ஆடியிருக்கலாம், சாஃப்ட்வேர் அப்டேட்டிலேயே பின்னாளில் வந்த ப்ளூ-ரே வசதிகளும் அதற்குக் கிடைத்தன. என் ஏ2வும் முழுக்க வீணில்லை, சாதாரண டிவிடியை ஹெச்டி டிவியில் தெளிவாகக் காட்டும், பல வருஷம் அதற்கே உபயோகித்தேன். எக்ஸ்பாக்ஸ் 360க்கு 199 டாலருக்குத் தனியாக வந்த ஹெச்டி டிவிடி டிரைவ்தான் பாவம், எக்ஸ்பாக்ஸையோ கம்ப்யூட்டரையோ விட்டால் தனியாக எதற்கும் ஆகாது.

இன்றைக்கும் இதே யோசனைதான். 4கே டிஸ்க் பார்க்க வேண்டும், கேமும் ஆடுவீர்கள் என்றால் டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5 அல்லது எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் போதும். சீரிஸ் எஸ் வாங்கிவிட்டு டிஸ்க் எங்கே போடுவது என்று தேடாதீர்கள், அதில் துளையே கிடையாது. பிளேஸ்டேஷன் 4 ப்ரோவில் "4கே" என்று இருந்தாலும் 4கே டிஸ்க் ஓடாது, செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் ஏமாறும் இடம் இது. கேமே வேண்டாம் என்றால் தனிப் பிளேயர்தான், ஆனால் ஒப்போ 2018இல் நிறுத்தியது, சாம்சங் 2019இல் நிறுத்தியது என்று செய்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், சர்வீஸ் இங்கே கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ரீஜன்: மலிவு டிஸ்க் ஓடாமல் போவது இங்கேதான்

இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்துகொண்டு வெளிநாட்டுத் தள்ளுபடியில் வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டால் எத்தனை சதவீதத் தள்ளுபடியும் வீண். ரீஜன் என்பது ஒரு டிஸ்க் எந்த நாட்டுப் பிளேயர்களில் ஓடும் என்று போடும் பூட்டு. ப்ளூ-ரேக்கு மூன்று ரீஜன்: அமெரிக்கா, ஜப்பான், மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் ஏ. ஐரோப்பா, ஆஸ்திரேலியா, வளைகுடா நாடுகள் பி. இந்தியாவும் இலங்கையும் சி. டிவிடியில் இந்தியா 5, அமெரிக்கா 1. கன்சோலும் விற்ற நாட்டின் ரீஜனோடுதான் வரும். ஹெச்டி டிவிடிக்கு ரீஜனே கிடையாது, அந்த ஒரு விஷயத்துக்காகவே அது ஜெயித்திருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றும்.

கோவைக்குத் திரும்பி இங்கே ஒரு ப்ளூ-ரே பிளேயர் வாங்கி, அமெரிக்காவிலிருந்து தூக்கி வந்த டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். கொஞ்சம் ஓடின, ஏனென்றால் அமெரிக்க டிஸ்க்குகளிலும் பலவற்றில் ரீஜன் பூட்டு இருக்காது. மற்றவை திரையில் ஒரு வரியைக் காட்டிவிட்டு நின்றுவிட்டன. கவரின் பின்பக்கம் கீழே ஏ, பி, சி என்ற எழுத்தோடு ஒரு சின்ன அடையாளம் இருக்கும், ஆர்டர் போடுமுன் அந்தப் பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அமெரிக்காவில் பார்ன்ஸ் அண்ட் நோபிள் கடை வழக்கமாக ஜூலையிலும் நவம்பரிலும் கிரைடீரியன் (நல்ல படங்களாகத் தேர்ந்தெடுத்து டிஸ்க் போடும் கம்பெனி) டிஸ்க்குகளைப் பாதி விலைக்கு விடும், நல்ல ஆஃபர்தான், ஆனால் கிரைடீரியனின் அமெரிக்க ப்ளூ-ரே பொதுவாக ரீஜன் ஏ. அங்கிருந்து வருகிற மச்சானிடம் வாங்கிவரச் சொல்லுமுன் உங்கள் பிளேயரைப் பாருங்கள். 4கே டிஸ்க்குக்கு ரீஜன் தொல்லை இல்லை, அதனால் வெளிநாட்டில் வாங்குவதாக இருந்தால் ப்ளூ-ரேயைவிடக் கொஞ்சம் கூடக் கொடுத்து 4கே எடுப்பது பல சமயம் லாபம். அதே பெட்டியில் கூடவே வரும் ப்ளூ-ரேயில் மட்டும் பூட்டு இருக்கலாம். பிளேயரையே அங்கிருந்து கொண்டுவந்தால் 120 வோல்ட்டா என்று பின்பக்கம் பார்த்துவிட்டுச் சொருகுங்கள். என் ஏ2 ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரில்தான் உயிர் வாழ்கிறது.

தமிழ்ப் பட டிவிடிகளுக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை, எல்லா ரீஜனுக்கும் என்றுதான் அச்சடித்தார்கள். நம் ஊரில் அந்த ஹெச்டி சண்டையும் நடக்கவில்லை. நான் அங்கே வரிசையில் நின்ற அதே 2007இல் இங்கே மோசர் பேர் (Moser Baer) என்ற கம்பெனி விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விற்றுக்கொண்டிருந்தது. அந்த விலைக்குறைப்பு திருட்டு விசிடியை எதிர்த்து, இன்னொரு ஃபார்மட்டை எதிர்த்து அல்ல.

4கேயில் ஒரு சின்னச் சண்டை இருக்கிறது, வெளிச்சத்தையும் நிறத்தையும் இன்னும் நன்றாகக் காட்டும் ஹெச்டிஆர் முறைகளில் டால்பி விஷனா ஹெச்டிஆர்10 பிளஸ்ஸா என்று. அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். ஹெச்டிஆர் உள்ள 4கே டிஸ்க்கில் சாதா ஹெச்டிஆர்10 கட்டாயம் இருக்கும், உங்கள் டிவி எந்தப் பக்கமாக இருந்தாலும் படம் ஓடும்.

செத்த ஃபார்மட்டை வாங்கலாமா?

வாங்கலாம், தெரிந்து வாங்கினால். 2008 வசந்தத்தில் ஹெச்டி டிவிடிகளை அள்ளிக் கொட்டினார்கள், நான் அப்போதும் சில வாங்கினேன், இந்தத் தடவை காம்போ டிஸ்க்காகப் பார்த்து, ஏனென்றால் அதன் மறுபக்கம், ரீஜன் ஒத்துப்போனால், இன்றைக்கும் எந்த டிவிடி பிளேயரிலும் ஓடும். ப்ளூ-ரே பிளேயரில் ஹெச்டி டிவிடி ஓடாது, அது நினைவிருக்கட்டும்.

தோற்ற பக்கம் நின்றுவிட்டால் பில்லையும் கவரையும் தூக்கிப் போடாதீர்கள். ஹெச்டி டிவிடி பிளேயர் வாங்கியவர்களுக்கு பெஸ்ட் பை 50 டாலர் கிஃப்ட் கார்டு கொடுத்தது. அதற்கும் முன்னால், 1998இல் சர்க்யூட் சிட்டி கடை கொண்டுவந்த டிவிஎக்ஸ் என்ற கூத்து (நாலரை டாலருக்கு டிஸ்க் வாங்கி, முதலில் ஓட விட்டதிலிருந்து 48 மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும், பிளேயர் போன் லைனில் கணக்குச் சொல்லும்) 1999 ஜூனில் மூடப்பட்டபோது பிளேயர் வாங்கியவர்களுக்கு 100 டாலர் திரும்ப வந்தது. வார்னர் 2009இல் ஒரு திட்டம் போட்டது: ஹெச்டி டிவிடியின் கவர் தாளை அனுப்பினால், படத்துக்கு 4 டாலர் 95 சென்ட்டும் தபால் செலவும் வாங்கிக்கொண்டு ப்ளூ-ரே கொடுத்தார்கள். நான் என் டிஸ்க்குகளை இடம் மிச்சம் பிடிக்க ஒரு பவுச்சில் போட்டுவிட்டு கவர்களையெல்லாம் குப்பையில் போட்டிருந்தேன்.

பழைய டிஸ்க் வாங்கும்போது கீறல் மட்டும் பார்த்தால் போதாது. அந்தக் கால வார்னர் ஹெச்டி டிவிடிகள் பல, மேலே ஒரு கோடு இல்லாமலே உள்ளுக்குள் கெட்டுப்போகின்றன; 2006க்குப் பிறகு சில ஆண்டுகளில் அச்சான சில வார்னர் டிவிடிகளிலும் இதே குறை இருப்பதை அந்தக் கம்பெனியே 2025இல் ஒப்புக்கொண்டு மாற்றித் தருவதாகச் சொன்னது. முதல் பத்து நிமிஷம் நன்றாக ஓடுவதை வைத்து நம்பிவிடாதீர்கள், பெரும்பாலும் பாதிப் படத்துக்குமேல், ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்கு லேசர் மாறும் இடத்திலோ அதற்கு அப்பாலோதான் உறையும். வாங்கின வாரத்திலேயே, திருப்பிக் கொடுக்கும் தேதிக்குள், கடைசி எழுத்து வரை ஒரு தடவை ஓட விடுங்கள். உட்கார்ந்து பார்க்கக்கூட வேண்டியதில்லை, நான் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுச் சமையலறையில் வேலை பார்ப்பேன், சத்தம் நின்றால் வந்து நிமிஷக் கணக்கைக் குறித்துக்கொண்டு விற்றவருக்கு போட்டோ அனுப்புவேன்.